கேட்டுக்கு வெளியவே நின்னு பேசும்மா

கையை எடு. கொண்டியில கை வைக்காத. கேட்டுக்கு வெளியவே நின்னு பேசும்மா, எனக்கு நல்லாவே காது கேக்கும்.

தெரு முனையில போர்டைப் பாத்தியா இல்லையா? டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துல, மஞ்சப் பெயிண்ட்டுல எழுதி வச்சிருக்கேன். 'குமரன் நகர் மூன்றாவது தெரு. விற்பனையாளர்கள், நன்கொடை கேட்பவர்கள், அந்நியர்கள் உள்ளே வர அனுமதி இல்லை.' கீழ 'இப்படிக்கு, தெய்வேந்திரன், செயலாளர்'னு என் பேரு. படிச்சியா? படிச்சுட்டுமா வந்த? நீ விக்க வரல, சரி. நன்கொடை கேக்க வரல, சரி. மூணாவதா என்ன போட்டிருக்கு? அதுல வருவ நீ.

முத்திருளன் மக செல்வராணி. சொன்ன, கேட்டுக்கிட்டேன். ஜவுளிக் கடையில லீவு சொல்லிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்திருக்க. ஒங்கப்பன் போட்டோவை நான் தெரு குரூப்ல போட்டேன். அது அங்க இங்க சுத்தி எல்லா நகருக்கும் போயிருச்சு. அஞ்சு மாசமா அந்தாளுக்கு ஒரு வீட்டுலயும் கொத்து வேலை குடுக்க மாட்டேங்குறாங்க. இப்ப நான் குரூப்ல ஒரு வரி போடணும், 'இவர் திருடன் இல்லை'ன்னு. அம்புட்டுத்தான நீ கேக்குறது?

போட முடியாதும்மா. நான் செயலாளர். குரூப்புக்கு அட்மின். விசாரிச்சு உறுதியாத் தெரியாத எதையும் நான் போடறது இல்ல. அது ரூல்ஸ்.

அப்ப ஒங்கப்பன் போட்டோவை மட்டும் விசாரிச்சா போட்டேன்னு கேக்குற. நல்லாக் கேக்குற. விசாரிச்சேன். முகத்தைப் பாத்து விசாரிச்சேன். முப்பத்தோரு வருஷம் பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். வண்டியில ஏறி நின்னா, டிக்கெட் எடுக்காதவன் எவன்னு எனக்கு மூஞ்சியிலயே தெரிஞ்சிரும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிருவாய்ங்க. தூங்குற மாதிரி நடிப்பாய்ங்க. ஒங்கப்பனும் அப்படித்தான், நான் கூப்பிட்டதும் திரும்பிக்கிட்டாரு.

இந்தத் தெரு பட்ட பாடு ஒனக்குத் தெரியாது. கேஸ் டியூப் செக்கிங்னு ஒருத்தன் வந்தான். கழுத்துல அட்டை, கையில பைல். நல்லா இருந்த டியூப்பை அத்துப் போட்டுட்டு, தூக்குக் கயிறு மாதிரி ஒரு டியூப்பை மாட்டிட்டுப் போனான். இன்னொருத்தன் தண்ணி டெஸ்ட்டு. தம்ளர்ல ரெண்டு கம்பியை விட்டான், தண்ணி காவி கலராப் போச்சு, இதைத்தான் ஒங்க பிள்ளைக குடிக்குதுன்னான். பொம்பளைகளுக்கு அழுகையே வந்துருச்சு. கொலுசுக்குப் பாலிஷ் போடுறேன்னு வந்தவன் கொலுசோடவே போயிட்டான். அதுக்கப்புறம்தான் எல்லாரும் கூடி என்னைச் செயலாளராப் போட்டாங்க. போர்டு வச்சேன். விசில் வாங்கினேன். வெள்ளைப் பூண்டு விக்கிறவன்கூட இந்தப் பக்கம் வர்றது இல்ல இப்ப. அந்தப் போர்வைக்காரப் பையன், இந்திக்காரன், அவனை ஒரு நாள் ஓட ஓட விரட்டினேன். ரெண்டு போர்வையைப் போட்டுட்டு ஓடிட்டான். இந்திராணி, என் சம்சாரம், அதைத் துவைச்சு மடிச்சு வச்சிருக்கா, திரும்ப வந்தா குடுக்கணுமாம். அவ அப்படி.

ஒங்கப்பன் வந்தது வைகாசி மாசம். ஒம்பதாம் நம்பர் வீட்டு வாசல்ல நின்னு மாடியை அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தாரு. மங்கையர்க்கரசி டீச்சர் வீடு அது. வீட்டுக்காரர் இல்லாதவங்க. கையில ஒரு சாக்குப்பை, அதுக்குள்ள கொத்துக் கரண்டியும் ரசமட்டமும். 'என்னய்யா நோட்டம் பாக்குற'ன்னேன். 'இல்லங்கய்யா, குழா வாயில அரசங்கன்னு மொளைச்சிருக்கு, அதை எடுத்துட்டுப் பூசிவிட்டா ஒழுகாது, ஒரு நாள் வேலைதான், டீச்சரம்மாட்ட கேக்கலாம்னு நின்னேன்'னாரு. ஐ.டி. கார்டு எங்கன்னேன். கொத்தனுக்கு ஏதுங்கய்யா கார்டுங்குறாரு. என்கிட்டயே! கரண்டியைக் கையில பிடின்னு சொல்லி, செவத்துல சாஞ்சு நிக்க வச்சுப் போட்டோ எடுத்தேன். 'நோட்டம் பார்க்க வந்த ஆள், உஷார்'னு போட்டேன். நாப்பத்தாறு பேரு கை தட்டினாங்க.

சும்மா நின்னாரு, அதைச் சொல்லணும். எதுக்கு எடுக்கிறீங்கன்னு கேக்கல. தலைமுடியை ஒதுக்கிவிட்டுட்டு நின்னாரு. வேலைக்குக் கூப்பிடத்தான் எடுக்கிறேன்னு நெனைச்சிருப்பாரு போல.

என்ன அப்படிப் பாக்குற? நான் இருக்கறதத்தான் சொல்றேன்.

ஆமா, டீச்சர் வீட்டுல ஏமாத்துனவன் வேற ஆளு. நான் இல்லங்கலயே. அதுக்கும் ஒங்கப்பனுக்கும் என்ன சம்மந்தம்? அவன் போர்டுக்குக் கட்டுப்படற மாதிரியா வந்தான்? அவன் பத்திரிகை வைக்க வந்தான்.

ஆவணி மாசம். நல்ல முகூர்த்தக் காலம். வாசல்ல ஒரு பையனும் பொண்ணும். பட்டுச் சேலை, பட்டு வேட்டி. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, குங்குமச் சிமிழ், மேல கல்யாணப் பத்திரிகை. 'மாமா, என்னைய அடையாளம் தெரியலையா? நான் பிரபா, மேலூர்ப் பெரியப்பா பேரன், தங்கச்சிக்குக் கல்யாணம்'னு சிரிக்கிறான். நீயே சொல்லு, தாம்பாளத்தோட வந்து நிக்கிறவன்கிட்ட, நீ யாருடான்னு கேக்க முடியுமா? கேட்டேன் ஒரு தடவை. எங்க அண்ணன் முறைக்காரர் மகன் காதுகுத்துக்குச் சொல்ல வந்தான். 'தம்பி யாரு'ன்னேன். தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. என் மக கல்யாணத்துக்கு அந்த வகையில ஒரு குஞ்சு எட்டிப் பாக்கல. இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த அசிங்கம் எனக்குத் தெரியும்.

அதுனால, 'அட பிரபா! எம்புட்டு வளந்துட்ட'ன்னேன்.

நானும் இந்திராணியும் கிழக்கப் பாத்து நின்னு பத்திரிகையை வாங்கினோம். அந்தப் பொண்ணு கால்ல விழுந்து கும்பிட்டுச்சு. அவங்களை உக்கார வச்சுட்டு அடுப்படிக்குள்ள போயி நாலு தடவை படிச்சேன். பாண்டி, முருகேசன், லட்சுமின்னு போட்டிருக்கு. எல்லாக் குடும்பத்துலயும் இருக்கற பேரு. இந்திராணி காதுக்குள்ள, 'ஏங்க, இதுல ஒரு பேராச்சும் நமக்குத் தெரிஞ்ச பேரா? மேலூர்ல நமக்கு ஏதுங்க பெரியப்பா? யாருன்னு கேட்ருங்க'ன்னா. 'ஒனக்குத் தெரியாட்டிச் சொந்தம் இல்லாமப் போயிருமா, காப்பியைப் போடு'ன்னேன்.

காப்பி குடிக்கும்போது மேல பாத்தான். 'மாமா, ஓதம் அடிக்குதே'ன்னான். மாடித் தளத்துக்குப் பூச்சுப் போடற கம்பெனி வச்சிருக்கானாம். வெளியாளுக்கெல்லாம் செய்யறது இல்லையாம், சொந்தத்துக்குள்ள மட்டும்தானாம். 'இந்தத் தெருவுல ஒரு வீட்டு வேலை பிடிச்சுக் குடுங்க மாமா, ஒங்க வீட்டுக்கு நான் சும்மாவே போட்டுத் தர்றேன்'னான். அது கமிஷன் இல்லம்மா. சொந்தக்காரன் சொந்தக்காரனுக்குச் செய்யுறது. நீ கமிஷன்னு நெனைக்கிறது உன் மூஞ்சியில தெரியுது.

நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஆமா. 'டீச்சர், இவன் நம்ம பையன், என் பெரியப்பா பேரன்'னு சொன்னேன். டீச்சர் யோசிச்சாங்க. அவங்க மக கயல் நெறமாசமா வீட்டுல இருந்துச்சு, தலைப் பிரசவத்துக்கு வந்த பொண்ணு. பிள்ளை பொறந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள கயல் படுக்குற ரூம் ஒழுக்கை நிப்பாட்டணும்னு டீச்சருக்கு ஒரே கவலை. 'சார், ஒங்க சொந்தம்னா சரி'ன்னாங்க. நான் சொன்னதாலதான்னு இல்ல. அவங்களுக்கும் அவசரம். அவசரப்பட்டாங்க, அதான் மாட்டிக்கிட்டாங்க. படிச்சவங்க, ஒரு வார்த்தை விசாரிக்க வேணாமா?

மறுநாள் மூணு பேரு மிஷினோட வந்தாய்ங்க. டீச்சர் வீட்டு மொட்டை மாடியில பதிச்சிருந்த தட்டோட்டை மொத்தமாப் பேத்துட்டாய்ங்க. நல்லா இருந்ததையும் சேத்துப் பேத்து, அடியில இருந்த கான்கிரீட்டை வேற கொத்திவிட்டுட்டு, 'கம்பி துருப்பிடிச்சிருக்கு, இன்னும் வேலை ஜாஸ்தி'ன்னு டீச்சர் கையில இருந்த பணத்தை எல்லாம் வாங்கிக்கிட்டு, சிமெண்ட் எடுத்துட்டு வர்றோம்னு போனாய்ங்க. போனாய்ங்க, அம்புட்டுத்தான். டீச்சர் போன் பண்ணா 'நாளைக்கு மேடம், லோடு வந்துக்கிட்டு இருக்கு மேடம்'னு சொல்லுவான். என்கிட்டயும் வந்து கேப்பாங்க, 'சார், ஒங்க பிரபா எப்ப வருவாரு'ன்னு. வந்துருவான் டீச்சர், கல்யாண வேலையில இருக்கான்னு சொல்லுவேன். அதுக்குள்ள கயலுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. ஆம்பளப் பிள்ளை.

கல்யாணம் ஆவணி இருவத்தெட்டு. நானும் இந்திராணியும் மொய்க் கவரோட மண்டபத்துக்குப் போனோம். வாசல்ல வேற பேரு. பிரபாவைக் காணோம், பொண்ணும் மாப்பிள்ளையும் நாம பாக்காத ஆளுக. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, ஏமாந்துட்டோம்னு. திரும்பலாம்னு பாத்தா, வரவேற்புல நின்ன ஒரு பெரியவர் பன்னீரைத் தெளிச்சு, சந்தனத்தைக் கையில வச்சு, 'வாங்க வாங்க, ஏன் லேட்டு, முதல்ல சாப்பிடுங்க'ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிப் பந்தியில உக்கார வச்சுட்டாரு. அவரும் எங்களை யாருன்னு கேக்கல. எப்படிக் கேப்பாரு? சாப்பிட்டோம். பால் பாயாசம் நல்லா இருந்துச்சு.

பஸ்ல வரும்போது இந்திராணி ஒரே பிடியா, 'போனதும் டீச்சர்ட்டச் சொல்லிருங்க, அவங்க நம்பிக்கிட்டு இருக்காங்க'ன்னா. சொல்லலாம்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றது? செயலாளரு. போர்டு வச்சவரு. விசில் வாங்கினவரு. அவரே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாருன்னு தெரு பூரா சிரிக்காது? நல்ல நேரம் பாத்துச் சொல்லலாம்னு விட்டேன். அதுக்குள்ள புரட்டாசி எட்டாந்தேதி சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடிச்சுருச்சு.

என்ன, விரல் விட்டு எண்ணுற? எண்ணு. பதினோரு நாள்தான். பதினோரு நாளைக்கு முன்னாடியே சொல்லியிருந்தா மட்டும் மழை வராம இருந்திருக்குமா?

தார்ப்பாய் போட்டிருக்கலாம். சரி. நீ கொத்தன் மக, ஒனக்குத் தெரியும்.

பேத்துப் போட்ட தளம், தண்ணியைச் சல்லடை மாதிரி விட்டுச்சு. தொட்டிலுக்கு நேர் மேல ஊத்துச்சு. பச்சப் புள்ள, இருவது நாள் ஆகல. டீச்சர் பிள்ளையைத் துண்டுல சுத்தித் தூக்கிக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே நம்ம வாசலுக்குத்தான் ஓடி வந்தாங்க. இந்திராணி கதவைத் தெறந்துட்டா. பிள்ளைக்கு ரெண்டு நாள்ல சளி கட்டி, ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. ஒரு வாரம். எனக்கும்தான் தூக்கம் இல்ல. யாருகிட்டச் சொல்றது அதை? இப்ப நல்லா இருக்கான். நேத்து கத்துன கத்து இங்க வரைக்கும் கேட்டுச்சு.

போலீசுக்குப் போறேன்னாங்க டீச்சர். நான்தான் வேணாம்னேன். தெருப் பேரு கெட்டுப் போயிரும் டீச்சர், நானே என் செல்வாக்குல பாக்குறேன்னேன். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

கடைசியில டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா? குரூப்ல நான் போட்ட அதே போட்டோவை எடுத்துக்கிட்டு, சிமெண்ட் கடை சிமெண்ட் கடையா ஏறி எறங்கி, 'இந்த ஆளைத் தெரியுமா'ன்னு கேட்டு ஒங்கப்பனைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. நீயும்தான வந்த, மண்ணுச் சட்டி தூக்க? அஞ்சு மாசத்துல அவருக்குக் கிடைச்ச ஒரே வேலை அது, நாலு நாள்ல முடிச்சுட்டாரு. நல்ல வேலை. மழை பேஞ்சப்ப நான் ஒரு நாள் போயிப் பாத்தேன், ஒரு சொட்டு எறங்கல. அதை நான் இல்லங்கல. மொத நாள் அவரு வந்தப்பவும் நான் டீச்சர் வீட்டுக் கேட்ல நிறுத்தி, பையைத் தெறந்து காமின்னேன். அது என் கடமை. அப்பவும் தெறந்து காமிச்சாரு, என் மூஞ்சியைப் பாக்காம.

இப்பச் சொல்லு, நான் எப்படிப் போடறது அந்த ஒரு வரியை? 'முத்திருளன் திருடன் இல்லை'ன்னு போட்டா, அடுத்த நிமிஷம் ஒவ்வொருத்தனும் கேப்பான், அப்ப டீச்சர் வீட்டுத் திருடன் யாருன்னு. அவனைக் கூட்டிட்டு வந்தது யாருன்னு கேப்பான். நானே என் பேரை எழுதணுமா? இந்தத் தெருவுல எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு பேருதான். ரிட்டையர் ஆனதுக்கப்புறம் வேற என்ன இருக்கு எனக்கு? ஒங்கப்பனுக்கென்ன, கைத்தொழில் இருக்கு. இந்த ஊர் இல்லாட்டி இன்னொரு ஊர்.

இரு. போன் அடிக்குது. குரூப்தான்.

டீச்சர் போட்டிருக்காங்க. அவங்க எப்பவும் குரூப்ல எதுவும் போட மாட்டாங்களே. 'என் வீட்டை ஒழுகாமல் செய்து தந்தவர் திரு. முத்திருளன். வைகாசியில் இவரைத்தான் திருடன் என்று படம் போட்டோம். நானும் கை தட்டினேன், வெட்கப்படுகிறேன். வீட்டைப் பாழாக்கியவனை அழைத்து வந்தவர் நம் செயலாளர். அவன் ஏமாற்றுக்காரன் என்று மழைக்குப் பதினோரு நாள் முன்பே அவருக்குத் தெரியும்.'

பதினோரு நாள். இது எப்படி அவங்களுக்குத் தெரியும்? இந்திராணி! ஏய் இந்திராணி! நீ சொன்னியா? அடுப்படிக்குள்ள பாத்திரத்தை உருட்டிக்கிட்டு இருந்தா என்ன அர்த்தம்? நீதான் சொல்லியிருக்க.

இரு, இரும்மா. ஒரு நிமிஷம்.

எடுத்துட்டேன். அட்மினுக்கு அந்த அதிகாரம் இருக்கு. விசாரிக்காத செய்தி குரூப்ல இருக்கக் கூடாது. என்ன பாக்குற? ஆமா, ரெண்டு செகண்டுல எடுத்தேன். ஒங்கப்பன் போட்டோ பழசு, அதை எடுக்க முடியாது, இது புதுசு. அதான் வித்தியாசம். சிரிக்கிறியா? சிரிக்கல. சரி.

எளவு, 'அட்மின் தெய்வேந்திரன் நீக்கினார்'னு என் பேரைப் போட்டுல்ல காமிக்குது. நாலாம் நம்பர் கேக்குறாரு, 'டீச்சர் என்ன போட்டாங்க, எதுக்கு அழிச்சீங்க'ன்னு. பதினொண்ணாம் நம்பர். ரெண்டாம் நம்பர். எல்லாப் பயலும் இந்நேரம் போனும் கையுமாத்தான் இருக்கான். இருங்கடா, பூட்டுறேன். அட்மின் மட்டும்தான் பேச முடியும் இனி. முடிஞ்சது. இப்ப எவன் கேப்பான்னு பாக்குறேன்.

இந்தா, உள்ள வாம்மா செல்வராணி. எம்புட்டு நேரம் வெயில்ல நிப்ப? கேட் தெறந்துதான் இருக்கு, தள்ளு. இந்திராணி, பிள்ளைக்கு மோர் கொண்டா. உக்காந்து நிதானமாப் பேசுவோம். ஒங்கப்பனுக்கு நானே ரெண்டு வீட்டுல வேலை சொல்லிவிடுறேன். தனியா, காதோட காதாச் சொல்லிவிடுறேன். குரூப் எதுக்கு நமக்கு?

எங்க போற? ஏம்மா, ஒன்னைத்தான். நான் இன்னும் பேசி முடிக்கல.

டீச்சர்! நீங்க எங்க கிளம்பிட்டீங்க, பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு? கொஞ்சம் நில்லுங்க டீச்சர், நான் விளக்கம் சொல்றேன். டீச்சர்!

இந்திராணி, இங்க வந்து பாரு. ரெண்டு பேரும் சேந்து மொத வீட்டுல போயி நிக்கிறாங்க. பெல் அடிக்கிறாங்க. என் தெருவுல, வீடு வீடா! அந்தச் செல்வராணி போன்ல அவங்கப்பன் போட்டோவைக் காமிக்குது. யாரு என்னன்னு தெரியாம கதவைத் தெறக்காதீங்கன்னு எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கேன். தெறந்துட்டாங்க. வாசல்ல நிக்க வச்சே கேக்குறாங்க. ரெண்டாம் வீட்டுலயும் தெறந்துட்டாங்க. அந்த அம்மா பிள்ளையைக் கையில வாங்குது. மூணாம் வீட்டுக்காரரு சட்டையைப் போட்டுக்கிட்டு இவங்க கூடவே எறங்கி வர்றாரு.

அஞ்சாம் நம்பர் முடிஞ்சது. ஆறும் முடிஞ்சது. இப்ப நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க. கதவைச் சாத்து இந்திராணி. இல்ல, தெற, தெறந்தே கிடக்கட்டும், நானே நின்னு பதில் சொல்றேன். ஏழு பேரு வர்றாங்க. நம்ம கேட்டுக்கு முன்னாடி வந்துட்டாங்க.

போறாங்க. எட்டாம் நம்பர் பெல்லை அடிக்கிறாங்க. நம்ம பெல்லை அடிக்கவே இல்லையே, இந்திராணி.